மாப்பிள்ளையின் விமானத்துக்கு மேட் அடித்த விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவியாகிய எங்கள் மகள் மூவரும் சுகம். கப்பலில் நீங்களும் உங்கள் பொறுப்பில் இருக்கும் இன்ஜினும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வீட்டில் கதவு, ஜன்னல், கூரை எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன. மின்விசிறி சுற்றுகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறான் இந்த மனுஷன் என்று நீங்கள் நினைக்கலாம். நல்ல செய்திகளை முதலிலேயே சொல்லித் தீர்த்துவிட்டால் மிச்சத்தைப் படிக்க உங்களுக்குத் தெம்பு இருக்கும் என்பதற்காகத்தான்.

விஷயம் உங்கள் விமானத்தைப் பற்றியது. பதறாதீர்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கப்பல் கம்பெனியிலிருந்து திடீரென்று அழைப்பு வந்து நீங்கள் பெட்டியைக் கட்டிய அன்று, வீட்டில் இத்தனை பேர் இருக்க, நேரே என்னிடம் வந்து, "மாமா, ப்ளேன் வேலை எல்லாம் முடிஞ்சிருச்சு. மேட் ஸ்ப்ரே மட்டும்தான் பாக்கி. டப்பாவை நல்லா குலுக்கிட்டு லேசா ஒரு தடவை அடிச்சு, காஞ்சதும் போட்டி நடக்கற மண்டபத்துல குடுத்துடுங்க. உங்களை நம்பித்தான் போறேன்" என்றீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் பேசியதெல்லாம் "வரேன் மாமா", "சாப்ட்டேன் மாமா", இந்த இரண்டுதான். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து 'நம்பி' என்று ஒரு வார்த்தை வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் கழுத்து வலிக்க வலிக்க உட்கார்ந்து, ஒரு முழம்கூட இல்லாத அந்த மாடல் விமானத்துக்கு ஒவ்வொரு ஆணியாக வைத்ததை நான் கண்ணால் பார்த்தவன். போன தடவை போட்டியில் நடுவர் இறக்கையின் பளபளப்பைப் பார்த்துவிட்டு "பொம்மை மாதிரி இருக்கு" என்று சொல்லி ஒதுக்கியதும், நீங்கள் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்ததும் எனக்குத் தெரியும். நிஜ விமானம் வெயிலிலும் மழையிலும் பறந்து மங்கிப்போயிருக்கும், ஆகவே சின்னதும் மங்கலாகத்தான் இருக்க வேண்டும், அதற்குத்தான் மேட் என்பதை நீங்கள் விளக்கிச் சொன்னதும் எனக்கு நன்றாகவே புரிந்தது.

புத்திக்குப் புரிந்தது மாப்பிள்ளை. கைக்குப் புரியவில்லை. நான் கார் ஷோரூமில் பாலிஷ் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன். வண்டியின் பானெட்டில் வாங்குகிறவர் முகம் தெரிய வேண்டும், தலை வாரிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் சாவியைக் கொடுப்போம். அப்பேர்ப்பட்டவனிடம் வந்து பளபளப்பை எடு என்றால்? இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பால்கனியில் பழைய பேப்பரை விரித்து, பெட்டியிலிருந்து விமானத்தை எடுத்து வைத்தேன். இடது இறக்கை லேசாகத் தொங்கினாற்போல இருந்தது. எடுக்கும்போது நான்தான் அழுத்திவிட்டேனோ என்று விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஆனால் ஸ்ப்ரே என்னவோ அருமையாக விழுந்தது. பனி இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கிக் காய்ந்து, அப்படியே நிஜ விமானம். உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பரவாயில்லையே, உங்களுக்குக்கூட ஒரு வேலை ஒழுங்கா வருதே" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் அத்துடன் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். ரசித்துக்கொண்டே இருந்தவன் கையில் எப்படியோ ஒரு மெத்தென்ற துணி வந்திருக்கிறது. சத்தியமாக எப்போது எடுத்தேன் என்று தெரியாது. சின்னச் சின்ன வட்டமாக, ஷோரூமில் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பேனே அதே மாதிரி, இறக்கை முழுக்கத் தேய்த்து முடித்து, வாயால் ஊதி, தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் அதில் என் முகம் தெரிகிறது! நல்ல தெளிவாக, மீசை உட்பட தெரிகிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரி, இன்னொரு தடவை அடித்துவிடலாம் என்று டப்பாவை எடுத்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் அடிக்கக் கூடாது என்று டப்பாவின் பின்னால் போட்டிருக்கிறது, அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி உள்ளே இருக்கிறது, உள்ளே போனால் உங்கள் அத்தை "என்னாச்சு?" என்று கேட்பாள், இத்தனையும் யோசித்து, படிக்காமலேயே அடித்தேன். காய்ந்ததும் விமானம் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. மாவு மில்லுக்குள் புகுந்து வெளியே வந்தது போல. போதாக்குறைக்கு, பைலட் உட்காரும் இடத்துக் கண்ணாடியை டேப் போட்டு மூட மறந்திருக்கிறேன். அது குளியலறை ஜன்னல் மாதிரி ஆகி, உள்ளே நீங்கள் பூதக்கண்ணாடி வைத்து மீசை வரைந்த பைலட் இருக்கிறாரா இறங்கிவிட்டாரா என்றே தெரியவில்லை.

திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை வந்தாள். பார்த்தாள். "இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? வறண்டு போச்சுன்னா எண்ணெய் வைக்கணும், அவ்ளோதானே" என்று தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் கொண்டுவந்து பஞ்சில் தொட்டுத் தடவினாள் பாருங்கள், வெள்ளை மாயமாய்ப் போய்விட்டது! நான் அசந்து போனேன். ஆனால் இப்போது விமானம் முழுக்க எண்ணெய் வழிகிறது. துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். "துணியைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்று பிடுங்கிக்கொண்டு, "மூஞ்சில எண்ணெய் வழிஞ்சா என்ன பண்ணுவோம்?" என்று கேட்டாள். முகப் பவுடர் டப்பாவோடு வந்தாள். இறக்கைக்கு, வாலுக்கு, வயிற்றுக்கு எல்லாம் ஒத்தி ஒத்தி எடுத்தாள். பளபளப்பு போனது என்னவோ உண்மை. ஆனால் எங்கேயோ விசேஷத்துக்குக் கிளம்பின மாதிரி ஒரு களையும், கூடவே ஒரு மல்லிகை வாசனையும் அதற்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து உங்கள் மனைவி ஆபீஸிலிருந்து வந்தாள். "அப்பா... இது... அவரோட..." என்று ஆரம்பித்தவள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். விசும்பல் சத்தம் வெளியே கேட்டது. மாப்பிள்ளை, பெற்ற பெண்ணை அழவைத்த பாவி ஆகிவிட்டேன்.

இன்று காலை மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் இருந்த அம்மாள் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சி, "என்ன சார் வாசனை?" என்றார். "புது டெக்னிக்மா" என்றேன். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து, "இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு வந்திருக்கே?" என்றார். "நீங்கதான் தப்பா பதிஞ்சிருப்பீங்க, எங்க மாப்பிள்ளை செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், வாங்கி வைங்க" என்று ஒரு அதட்டல் போட்டு வைத்துவிட்டு வந்தேன். கேவலப்பட்டாலும் கம்பீரமாகக் கேவலப்பட வேண்டும் அல்லவா.

கண்காட்சி முடிந்து யாராவது படம் எடுத்து அனுப்பி அதைப் பார்த்து நீங்கள் கடலில் குதிப்பதைவிட, நானே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. என்னை நம்பி ஒரே ஒரு காரியம் சொன்னீர்கள். அதைக் குட்டிச்சுவராக்கிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். இனிமேல் "சாப்ட்டேன் மாமா" மட்டும் சொன்னாலும் போதும், வாங்கிக்கொள்கிறேன்.

கடலும் காற்றும் உங்களிடம் தன்மையாக நடந்துகொள்ளட்டும். நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, நூறு வயது நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத உங்கள் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்கள் மனைவி பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். கையை விலக்கிப் பார்த்தால் சிரிப்பு! அன்றைக்கும் சிரிப்புதானாம். நான் மேட் அடித்தது போட்டி விமானமே இல்லையாம். நீங்கள் முதலில் செய்து பார்த்து, இறக்கை சரியாக ஒட்டவில்லை என்று பரண் மேல் போட்ட பழசாம். நீங்கள் கிளம்பின மறுநாளே இவள் அதை இறக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, நல்லதைத் தூக்கிக்கொண்டு போய், மாடல் விற்கிற கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு, கண்ணாடிக்கு டேப் போட்டு, வெயில் வரும்வரை காத்திருந்து, தன் கையாலேயே மேட் அடித்து, மண்டபத்திலும் கொடுத்துவிட்டாள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். குறை சொல்ல இடமில்லை மாப்பிள்ளை. முகம் பார்க்கவே முடியவில்லை.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "அவரு நம்பிக் குடுத்தாருன்னு நீங்க எவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கப்பா. அதைக் கெடுக்கவும் மனசு வரல, அவரோட ப்ளேனைக் கெடுக்கவும் மனசு வரல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கு இப்படி ஒரு பெண், உங்களுக்கு இப்படி ஒரு மனைவி. ஆகவே, மேலே எழுதியதில் மன்னிப்புக் கேட்ட பகுதியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதை நான் சொன்னதாக அவளிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. திரும்பும் வழியில் அந்தக் கடையில் இவள் தனக்கென்று ஒரு விமானம் வாங்கிவிட்டாள். நாலு இன்ஜின் வைத்த பெரிய விமானம். சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் போனாலே "அப்பா, மூச்சு விடாதீங்க" என்கிறாள். நானும் உங்கள் அத்தையும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். சீக்கிரம் வந்து சேருங்கள்.