ஐந்தாம் பாத்தியின் ஊதா நெல்

ஒழுங்கான மனிதன் செய்யும் தப்பும் ஒழுங்காகவே இருக்கும். அதில் துளி மிச்சம் வைக்க மாட்டான். (நான் வைக்கவில்லை.)

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். சில ஆண்டுகளுக்கு முன், மழையை மட்டும் நம்பி எந்தப் பாரம்பரிய நெல் நன்றாக விளையும் என்று பார்த்துவிடத் தீர்மானித்தேன். கெலமங்கலம் பக்கம் மாமனாரின் மேட்டு நிலத்தில் எட்டுப் பாத்தி, எட்டு ரகம். எந்த ரகத்தின் மேலும் எனக்கு ஓரவஞ்சனை வந்துவிடக் கூடாது என்று பாத்திகளுக்கு எண் மட்டும் வைத்தேன். எந்த எண்ணில் எந்த நெல் என்ற விவரம் வீட்டில் டைரிக்குள் பத்திரமாக இருந்தது.

ஏழு ரகங்களுக்கு விதை சுலபமாகக் கிடைத்தது. எட்டாவது, பக்கத்து ஊர் விவசாயி முனியப்பா தந்த பெயர் தெரியாத நெல்.

"இந்த ஒரு படிதான் இருக்குது சார். வேற எங்கயும் கிடைக்காது. எம் பூமியில இந்த வருசம் தக்காளி. நீங்க போட்டு, அறுத்ததும் ரெண்டு படியாக் குடுத்துருங்க."

விதைத்த இருபத்தைந்தாம் நாள் களையெடுப்பு. மேற்பார்வையிட லீவு போட்டுவிட்டுப் போனேன். ஐந்தாம் பாத்தி முழுவதும் இலை ஊதாவாக நின்றது.

"தொத்து நோய்" என்றேன்.

களையெடுத்துக்கொண்டிருந்த ராஜம்மா நிமிர்ந்தார். "நோயில்ல சார். இந்த நெல்லே இப்படித்தான்."

"நெல்லுன்னா பச்சையாத்தான் இருக்கும்."

"நீங்க எத்தினி வருசமா நெல்லு பாக்கறீங்க?"

"இருபத்தஞ்சு நாளா." (உண்மையைச் சொல்வது என் பழக்கம்.)

அவர் மற்ற பெண்களிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். (பிறகு, தெலுங்கு தெரிந்த மனைவியிடம் சொல்லிக்காட்டி அர்த்தம் கேட்டேன். அவளும் சிரித்தாள், அவ்வளவுதான்.)

குறையுள்ளதை நல்லவற்றோடு வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலை விதி. வேறு யாரும் கை வைக்காததால் நானே பிடுங்கினேன். ஒரு நாற்றைக்கூட விடாமல் வேலிக்கு வெளியே குவித்தேன். வீட்டுக்கு வந்து, "நோய் அகற்றப்பட்டது" என்று எழுத டைரியைத் திறந்தேன். பாத்தி ஐந்து: முனியப்பாவின் நெல். குறிப்பு: இலை ஊதாவாக இருக்கும். என் கையெழுத்துதான். அடிக்கோடும் நானே போட்டிருந்தேன்.

ஸ்கூட்டரைத் திருப்பினேன். குவியலில் பெரும்பாலானவை துவண்டிருந்தன. உயிர் இருப்பதாகத் தோன்றியதை எல்லாம் ஒவ்வொன்றாக நட்டேன். அடுத்த மூன்று வாரம், வேலைக்குப் போகும் முன் குட்டையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன்.

"மழையில மட்டும் விளையுதான்னு பாக்கத்தானே சார் போட்டீங்க?" என்றார் அந்த வழியே போன ராஜம்மா.

குடத்தில் மிச்சமிருந்ததையும் ஊற்றினேன். விளைச்சல் ஒப்பீட்டில் ஐந்தாம் பாத்தியை அடித்துவிட்டு, "மானாவாரி அல்ல" என்று எழுதினேன்.

அறுவடையில் அரைப் படி தேறியது. முனியப்பாவிடம் நடந்ததைச் சொல்லி நீட்டினேன். அவர் நெல்லை உள்ளங்கையில் பரப்பி, ஒரு மணியை நகத்தால் உரித்துப் பார்த்தார்.

"வித்து அழியல, அது போதும். மறுபடியும் நீங்களே போடுங்க சார். களையெடுக்கற அன்னிக்கு மட்டும் லீவு போடாதீங்க."

அப்படியே செய்தேன். இரண்டு பருவம் கழித்து இரண்டு படியைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போதும் என் மைத்துனன் ஊதாச் சட்டை போட்டு வந்தால், வாசலிலேயே மனைவி எச்சரிக்கிறாள்: "உங்க மாமா பக்கத்துல நிக்காதடா. வேலிக்கு வெளிய போட்டுருவாரு."