வயிற்றை 'சார்' என்று கூப்பிட்ட டிரைவர்

வீடியோ எடுத்துப் போட்டவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். 'போதையில் தள்ளாடும் டிரைவர், மலைப்பாதையில் பயணிகள் தவிப்பு' என்று தலைப்பு வைத்து, பின்னால் திகில் இசையும் சேர்த்து, வாட்ஸப்பில் சுற்றவிட்டீர்கள். குடிக்காத டிரைவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கலாம். குடிக்கவே முடியாத டிரைவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ரசத்தில் மிளகு தட்டுப்பட்டாலே அந்த மனிதருக்கு முகம் வெளுத்துவிடும்.

எங்கள் பஸ்ஸில் அவருக்குப் பெயர் 'ரெண்டு நிமிசம்'. சந்தவாசலில் கிளம்பி, படவேட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி, போளூர் வழியாக மலை ஏறும் தனியார் பஸ் அது. நான் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தினமும் அந்தப் பஸ்தான். வழியில் திடீரென்று வண்டியை ஓரங்கட்டுவார், "ரெண்டு நிமிசம்" என்பார், காணாமல் போய்விடுவார். எந்த நாளும் அது ரெண்டு நிமிடமாக இருந்ததில்லை.

நான் அந்தப் பஸ்ஸில் ஏறத் தொடங்கிய புதிதில் அவரோடு சண்டை போட்டேன். அவர் ஓட்டிக்கொண்டே யாருடனோ பேசிக்கொண்டு வந்தார். "சார், கொஞ்சம் பொறுங்க சார். படவேடு தாண்டட்டும் சார்."

"யோவ், போனை வச்சுட்டு ஓட்டுய்யா!" என்று கத்தினேன்.

"போன் இல்ல யக்கா. வயித்துக்கிட்ட பேசினு வர்றேன்."

"வயித்துக்கு இன்னாத்துக்குய்யா சார்?"

"மரியாத குடுத்தாத்தான் நிப்பாரு. ஒருதபா டேய்னு கூப்ட்டேன். போளூர் வரைக்கும் தாங்கல."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபம் மட்டும் மறுநாள்தான் போயிற்று.

வழியில் எந்த வீட்டுக் கக்கூசில் தண்ணீர் வரும், எதில் தாழ்ப்பாள் விழாது, எந்த வீட்டு நாய் எந்தப் பக்கம் கட்டியிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அடிவாரத்தில் ஒரு டீக்கடை, ஒரு பங்குச் சாமியார் வீடு, மேலே செல்லும் வழியில் ஒன்றிரண்டு வீடுகள். பொங்கலுக்கு எல்லாரும் சொந்தக்காரர்களுக்குக் கரும்பு கொடுப்பார்கள். இவர் அந்த வீடுகளுக்கெல்லாம் புது பக்கெட்டும் மக்கும் கொடுப்பார். சாமியார் வீட்டுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் அன்று; கேக்கோடு வந்தவர்களுக்கு நடுவில் இவர் சிவப்பு பக்கெட்டோடு நின்றாராம். சாமியார் இன்னமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பஸ்ஸில் வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. மாதுளம் தோல், சுண்டைக்காய், மந்திரித்த கயிறு. கறிக்கடைக்காரர் ஒருவர் ஆசையாக நண்டு ரசம் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அவர் ஓட்டிய அன்று நாங்கள் எல்லாரும் வேலைக்கு லேட். வண்டி நிற்காத இடம் கிடையாது.

கடைசியில் வேலூரில் ஒரு டாக்டரிடம் போனார். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ரணம் இருக்கிறது என்றார்களாம். அது ஏன் வருகிறது என்பதை எங்களுக்கு விளக்க அவர் ரொம்ப நாள் முயன்றார். எங்களுக்கு ஏறவில்லை.

ஒரு நாள் வழக்கமான கண்டக்டர் லீவு. முதலாளி புது ஆள் ஒருவரை அனுப்பினார். அப்பா, அது என்ன விறைப்பு! தயிர்க்கார அம்மா எப்போதும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் கேனை வைப்பார். அதைத் தூக்கிப் படவேட்டில் கீழே வைத்துவிட்டார்; அம்மா சண்டை போட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். தினமும் வருகிற பாஸ்டர் ஐயாவைப் பார்த்து, "யாருய்யா நீ?" என்றார். பஸ் இரண்டாகிவிட்டது. அந்தச் சண்டையில் எவனோ ஒருவன் பாஸ்டரின் குடையைத் தூக்கிக்கொண்டு போளூரில் இறங்கிப் போய்விட்டான். அவனை மட்டும் கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை.

டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்துக்கினீங்களா! இதான்! என் வயித்துல நடக்கறது இதேதான்!"

"இன்னாய்யா சொல்ற?" என்றேன்.

"கொடலுக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்குதாம் யக்கா. முக்காவாசி நம்மாளுங்க, சோறு செரிக்க ஒத்தாச பண்றவங்க. கொடல் செவுத்துல காவலுக்கு ஆளுங்க. அந்த ஆளுங்க மேல ரிசெப்டர்னு ஒண்ணு, கை மாதிரி. தொட்டுப் பாத்தே நம்மாளா வேத்தாளான்னு கண்டுக்குமாம். நம்மாளுன்னா சும்மா வுட்டுடும். செவுத்துல ஓட்ட இருந்தா பூசறதுக்கும் சொல்லி அனுப்பும். என் வயித்துல அதுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. வூட்டு ஆளையே போட்டு அடிக்குது. அந்த அடிதடில செவுரு ரணமாப் பூடுது."

"அப்ப அந்தக் காவக்காரன வேலய வுட்டுத் தூக்கிடேன்" என்றார் தயிர்க்கார அம்மா.

"தூக்கிட்டா திருடன் நேரா உள்ள வந்துருவானே யம்மா. செவுத்தப் பூச யாரு சொல்றது? ஆளு இருக்கணும், ஆளு தெரிஞ்சு நடந்துக்கணும். அவன அடக்கத்தான் மாத்திரை."

புதுக் கண்டக்டர் முறைத்தார். "யாரப் பத்திப் பேசறீங்க?"

"என் கொடலப் பத்தி நைனா. உன்னயும் பத்தித்தான்."

அந்த மாத்திரை காவலை மட்டுப்படுத்துவதால் சளி, காய்ச்சல் சீக்கிரம் தொற்றும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதைப் போடத் தொடங்கியதிலிருந்து சித்திரை வெயிலிலும் மப்ளர், மாஸ்க். யாராவது இருமினால் கண்ணாடியில் பார்த்து, "பின்னாடி போங்க" என்பார். கடைசி சீட்டு எங்களுக்கு இருமல் வார்டு. கலசப்பாக்கத்துக்காரர் ஒருவர், அங்கே படுத்துத் தூங்குவதற்காகவே ஏறும்போதே இருமிக்கொண்டு ஏறுவார்.

சிரித்தது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

வலி வந்தால் ஸ்டீயரிங்மேல் வேர்வை சொட்டும். ஒருமுறை பின்னாலிருந்து ஒருவர், "வேகமாப் போய்யா, சீக்கிரம் ஊரு வந்துடும்ல" என்றார். "என் அவசரத்துக்கு உங்க உசுரா கெடச்சுது?" என்று கேட்டு, வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். அவர் நிறுத்துவார். ஒரு நாளும் விரட்டியதில்லை.

வீடியோ எடுத்த அன்றும் அதுதான் நடந்தது. கொண்டை ஊசி வளைவு தாண்டி ஓரங்கட்டினார், சக்கரத்துக்குக் கல் வைத்தார், பக்கத்து வீட்டுக்கு ஓடினார். திரும்பி வரும்போது ரத்தம் போயிருந்ததால் தள்ளாடினார். பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். தயிர்க்கார அம்மா உப்புப் போட்டு மோர் கொடுத்தார். "இன்னிக்கு நான் ஓட்டக் கூடாது" என்று சொல்லி, வேறு டிரைவரை அனுப்பும்படி முதலாளிக்குப் போன் செய்தவரே அவர்தான். வீடியோவில் தள்ளாட்டம் இருக்கிறது. போன் இல்லை. மோரைக்கூட வெட்டிவிட்டீர்கள்.

மறுநாளே முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

போன வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குழைந்த சோற்றில் தயிர் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடம்பு தேறியிருந்தது.

"சாரு இப்ப சமத்தா இருக்காரு யக்கா. ரணம் ஆறிப்போச்சு, வண்டி ஓட்டலாம்னு டாக்டரே சொல்ட்டாரு. மொதலாளிதான் போன எடுக்கல."

"நீ குடிக்கலன்னு சொல்லலியா?"

"குடிச்சியான்னு கேட்டாத்தான யக்கா சொல்றது? வாய ஊதுன்னா ஊதியிருப்பேன். ஒருத்தரும் கேக்கல."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "புது டிரைவரு வளைவுல ஆரன் அடிக்கறாரா? அங்க ஆடுங்க படுத்துனு இருக்கும். சொல்லி வைங்க."

முதலாளி ஐயா, போன் வந்தது உங்களுக்கு. வீடியோவில் இல்லாதது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் காத்திருக்க எங்களுக்குச் சம்மதம். எல்லாரையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பஸ்ஸில் ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் ஓட்டும்போது நான் மலைப்பாதையில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவரை ஏன் இறக்கினீர்கள், எப்போது ஏற்றுவீர்கள்? எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். திங்கட்கிழமை காலை சந்தவாசல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, எல்லார் எதிரிலும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் வரை நாங்கள் யாரும் வண்டியில் ஏறமாட்டோம்.