அருவிக்குக் கூப்பிடு தூரம்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒரு நாள் பேசினேன். அன்றோடு கல்யாணம் போயிற்று.

வெள்ளைக்காரன் காலம். எங்கள் கொல்லிமலையைப் பார்த்து எழுதத் துரை ஒருவர் வந்தார். அருவி, குகை, பழைய கல்வீடுகள் எல்லாம் பார்க்க வேண்டுமாம். வழிகாட்ட என்னைப் பிடித்தார்கள். துரைக்குப் பிடித்துவிட்டால் காட்டுக் காவலர் வேலை என்றார் அவருடைய குமாஸ்தா. வேலை கிடைத்தால் மகளைத் தருகிறேன் என்று வெள்ளையம்மாவின் அப்பா முன்பே சொல்லியிருந்தார். (அவளிடம் நான் ஒரு சொல் பேசியதில்லை. அவள் வீடு இருக்கும் பக்கமாகப் போய் விறகு வெட்டுவேன், அவ்வளவுதான்.)

காலையில் கல்வீடுகளைக் காட்டினேன். நாலு கல்லை நிறுத்தி மேலே பலகைக்கல் போட்டவை. துரை உள்ளே தவழ்ந்து போய் வந்தார். நல்ல சந்தோஷம். அருவி எவ்வளவு தூரம் என்று குமாஸ்தா கேட்டார்.

"பக்கந்தானுங்க. கூப்பிடு தூரம்."

பொய் இல்லை. இந்த மேட்டில் கூப்பிட்டால் எதிர் மேட்டில் கேட்கும். நடுவில் இருக்கும் பள்ளத்தை நாங்கள் தூரத்தில் சேர்ப்பதில்லை. துரை சேர்த்தார்.

பக்கம்தானே என்று சோற்றையும் தண்ணீரையும் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இறங்கினோம். ஏறினோம். மறுபடி இறங்கினோம். உச்சிப்பொழுதில் துரையின் பூட்ஸ் வாயைப் பிளந்தது. அட்டைகள் மட்டும் அவர் காலில் ஏறி வசதியாக வந்தன. குமாஸ்தா மறுபடி தூரம் கேட்டார். நானும் மறுபடி அதையே சொன்னேன். அவர் முறைத்தார். நிரூபித்துவிடலாம் என்று மேட்டில் ஏறி எதிர்ப்பக்கம் பார்த்துக் கூவினேன்.

பதில் வந்தது. மிளகுக் கொடி பார்க்க வந்திருந்த வெள்ளையம்மாவின் அப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குமாஸ்தா என்னைத் தள்ளிவிட்டு, அருவிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரிடமே கத்திக் கேட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துரலாமுங்க."

துரை பாறையில் உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குமாஸ்தா அதை எனக்குச் சொல்லவில்லை. எதிர் மேட்டுக்குத்தான் கத்தினார்.

"ஏப்பா, இந்தக் கூறுகெட்டவன் உனக்குத் தெரிஞ்சவனா?"

பதில் தெளிவாக வந்தது.

"இல்லீங்க."

வெள்ளையம்மாவை அடுத்த தையில் வேறு ஊருக்குக் கொடுத்தார்கள். எனக்கு அப்புறம் யாரும் பெண் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தனியாளுக்கு உலை வைக்கச் சலிப்பாக இருந்தால் தம்பி வீட்டுக்குப் போவேன். வாசலில் தலை தெரிந்ததும் தம்பி பெண்டாட்டி உள்ளேயிருந்து, "தெரிஞ்சவங்களா?" என்று கேட்பாள். "இல்லீங்க" என்பான் தம்பி. வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அதற்குள் எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்திருப்பாள்.