ஓட்டோவின் வெள்ளைச் சட்டை விஷயமாக

ரீபே நகரில் இருக்கும் என் அன்பு அக்கா தோராவுக்கு,

போன வியாழக்கிழமை நான் நம் கோயில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சோப்புக் குமிழ்களுக்கு நடுவே ஞானப்பாட்டுப் பாடினேன். பிறகு எழுந்திருக்க முடியாமல் போகவே, இரண்டு இளம் தாய்மார்கள் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். ஊரார் வாயிலிருந்து நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் ஹெர்ரிங் மீன் வியாபாரமும் கடவுள் புண்ணியத்தில் நலம்.

விவகாரம் உனக்குத் தெரிந்ததுதான். கிறிஸ்துமஸ் அன்றே என் மகள் ரிக்கே சொல்லிவிட்டாள், "ஓட்டோவுக்கு ஞானஸ்நானம் வேண்டாம்ப்பா, பெரியவனாகி அவனே முடிவு பண்ணட்டும்" என்று. ஆனால் வீட்டில் பெயர் சூட்டு விருந்து வைத்து, நம் குடும்பத்துப் பிள்ளைகளெல்லாம் ஞானஸ்நானத்தன்று போட்டுக்கொண்ட நீள வெள்ளைச் சட்டையை அவனுக்குப் போட வேண்டுமாம். சட்டையோ உன் அலமாரியில். ஞானஸ்நானத் தண்ணீர் இல்லாமல் சட்டை இல்லை என்கிறாய் நீ. நடுவில் நான். மீன் ஏலத்தில் எத்தனையோ பேரை மடக்கியவன், என் சொந்த மகளிடம் மாட்டிக்கொண்டேன். இதில் எனக்கு விளங்காத ஒன்று: ஞானஸ்நானம் வேண்டாம் என்றவள், கைக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் பாடும் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறாள். அன்று கோயில் வாசலில் குழந்தைத் தள்ளுவண்டிகள் நிறுத்த இடமில்லை. ஞாயிறு ஆராதனைக்கோ நான், ஆர்கன் வாசிப்பவர், காது கேட்காத லாரிட்ஸ், அவ்வளவுதான். ஒரே கடை, ஒரே சரக்கு; வியாழன் நெரிசல், ஞாயிறு ஈ ஓட்டுகிறோம். ஒரு வியாபாரிக்கு இது பொறுக்குமா, நீயே சொல்.

ரிக்கே பல் வைத்தியரிடம் போக வேண்டியிருந்ததால் "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். போதகரம்மாவே பாய் விரித்துக் குமிழ் ஊதுகிறார். "தாத்தா, கூரையப் பாத்துப் பாடாதீங்க, பிள்ளையப் பாத்துப் பாடுங்க!" என்று ஒரு அதட்டல் வேறு. பக்கத்தில் தலைகூட வாராத ஒருத்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு ஏலக்காய் பன்னை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார்கள். தின்றாள், கண்ணைத் துடைத்தாள், பாடினாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஏன் வர்றதில்ல?" என்றேன். "ஞாயித்துக்கிழமை பிள்ள அழுதா நீங்கல்லாம் திரும்பிப் பாக்குறீங்களே" என்றாள். அக்கா, முதலில் திரும்புகிறவன் நான்தான்.

சாயங்காலம் ரிக்கேயிடமும் கேட்டேன், நம்பிக்கை இல்லாதவள் அங்கே எதற்குப் போகிறாய் என்று. "நம்பிக்கை இல்லன்னு உங்ககிட்ட யாரு சொன்னா? வீட்டுக்கு வர்ற நர்ஸ் பிள்ள எடை கேக்குறா. போனைத் திறந்தா, ஊர்ல உள்ள அம்மாக்கள்லாம் காரட்டை மசிச்சுப் பூ மாதிரி அடுக்கிக் காட்டுறாங்க. தோரா அத்தை ஞானஸ்நானம் எப்பன்னு கேக்குறா. ஒண்ணுமே கேக்காம உக்காருன்னு சொல்ற எடம் அது ஒண்ணுதாம்ப்பா" என்றாள்.

நான் உன்னைப் போல் வேதம் படிக்கிறவன் இல்லை. ஆனால் இதைச் சொல். கர்த்தருடைய தாய், பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நம்பி ஒரு நாள் முழுக்க நடந்தாள். மூன்றாம் நாள்தான் ஆலயத்தில் கண்டுபிடித்தாள். இந்தக் காலமாக இருந்தால் நகராட்சியின் குழந்தை நலத்துறையிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியிருப்பான். ஆண்டவர் அப்படிப்பட்டவளிடம்தான் தம் மகனை ஒப்படைத்தார், திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை. நாம மட்டும் ரிக்கேகிட்ட எதுக்கு உத்தரவாதம் கேக்குறோம்?

ஆகவே நான் பேசி முடித்தது: விருந்து கோயில் மண்டபத்தில், போதகரம்மா சின்னதாக ஒரு ஜெபம், தண்ணீர்ப் பேச்சை நீ எடுக்கக் கூடாது, சட்டை வர வேண்டும். ரிக்கேயிடம் சொன்னேன், காபிக் கோப்பைக்குள் சிரித்தாள், சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நீயும் கொஞ்சம் இறங்கி வா. விலை படியலன்னு கரைக்கு வந்த மீனைத் திரும்பக் கடல்ல விடுற வழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாது.

கர்த்தர் உன் முழங்காலையும் மனதையும் ஒருசேர இளக்குவாராக.

உன் தம்பி,
ஈவர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ரிக்கே வந்து இதைப் படித்துவிட்டாள். "அப்பா, ஓட்டோவுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சு" என்றாள். போன மாதம் பக்கத்து நகரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் யார் வந்தாலும் ஞானஸ்நானம் உண்டு என்று கோயிலைத் திறந்து வைத்த ஒரு சனிக்கிழமை. அவளும் புருஷன் யெப்பெயும் டயப்பர் வாங்கப் போனவர்கள். ஓட்டோ காரட் கறை படிந்த கம்பளிச் சட்டையில்; ஞானப்பெற்றோர், கோயில் பணியாளரும் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாளும். "ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா நீங்க ஜெயிச்சதா நீங்க நெனப்பீங்க, தான் ஜெயிச்சதா அத்தை நெனப்பா. கதவு தெறந்திருந்துச்சு. எனக்கே வேணும்னு தோணிச்சுப்பா" என்றாள். நான் எழுந்து போய் மீன் பெட்டிகளைச் சரிபார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

எனவே மேலே எழுதியது செல்லாது. இனி அவள் சொல்வதுதான் விலை; குறைத்துப் பார்த்தேன், படியவில்லை. சட்டையோடு நீ நேரில் வர வேண்டும். ஓட்டோ அதில் எதைக் கொட்டினாலும் முகம் சுளிக்கக் கூடாது. வரும் வியாழக்கிழமை எங்களோடு உட்கார்ந்து பாட வேண்டும். உன் முழங்காலைச் சொல்லி ஒரே ஒரு சலுகை வாங்கியிருக்கிறேன்: உனக்கு நாற்காலி உண்டு.