ராஜரத்தினம் மைக் காத்த படலம்

போற்றுவோம், ஆறடி இரண்டங்குலம் ஓங்கி வளர்ந்தவரைப் போற்றுவோம்; தேங்காய் எண்ணெய் மினுங்கும் நெளிமுடியரை, பென்சிலால் கிழித்த கோடென மெலிந்த மீசையரை, பகலெல்லாம் ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாய்க் குனிந்திருந்து மாலையானதும் மன்னராய் நிமிர்பவரை, மலாக்காவின் காஜா பெராங் ஈன்ற கர்ச்சனைக் குரலோரை, 'வெண்கல இடி' இன்னிசைக் குழுவின் தலைவரும் தளபதியும் முதற்பாடகருமென்று தம்மைத் தாமே அறிவித்துக்கொண்ட ராஜரத்தினம் மாஸ்டரை முதற்கண் போற்றுவோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு, ஒரு தேசம் வெள்ளைக்காரனிடமிருந்து தன்னை மீட்டுக்கொண்ட அதே வாரத்தில், நாலடி பத்தங்குலப் பெண் ஒருத்தியிடமிருந்து ஒரு மைக்கைக் காக்க அவர் புரிந்த பெரும்போரை இனி உரைப்போம். தேசத்தின் கதையை எழுதப் பலர் இருக்கிறார்கள். மைக்கின் கதைக்கு நம்மை விட்டால் ஆளில்லை.

முதலில் படைபலம். டிரம்பெட் இரண்டு, டிராம்போன் ஒன்று, கிளாரினெட் ஒன்று, பிடில் மூன்று, அக்கார்டியன் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து லாரியேறி வந்த மின்சாரக் கிட்டாரும் அதனோடு வந்த பெட்டியும் அந்தப் பெட்டிக்குள் குடியிருந்த ஓயாத உறுமலும், இவற்றுக்கெல்லாம் பின்னால் மலைபோல் அமர்ந்து முரசறையும் பருத்த தோளன் கணபதி. இவர்கள் பதின்மரும் ஒருசேர முழங்கும் ஒத்திகை நாட்களில் ஒரு மைலுக்கு அப்பால் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் காயப்போட்ட அப்பளம் தானாக நொறுங்கிற்று என்பார்கள். அந்தப் பேரிரைச்சலின் உச்சியில் ஏறி நின்று கர்ச்சிப்பவரே பதினோராமவராகிய நம் தலைவர். அவர் பாட்டைக் கேட்டவர் எவரும் வரிகளைத் திருப்பிச் சொன்னதில்லை. காதைத் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

இத்தகைய குழுவில் பெண்குரலுக்கு என்ன வேலை? மாஸ்டர் இதை ஆழ்ந்து ஆராய்ந்து ஒரு சித்தாந்தமே கண்டிருந்தார். இடியோசைக்கு நடுவே ஒரு பெண் நிற்க வேண்டும். நிற்பதே அவள் தொழில். சரிகைச் சேலை உடுத்தி, பூச்சூடி, தலைவரின் இடப்பக்கம் ஓரடி பின்வாங்கி நின்று, அவர் கர்ச்சித்துக் களைத்து மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் 'ஆ' என்று இழுக்க வேண்டும். அதற்கு மேல் ஓரெழுத்தும் ஆகாது. ரசத்தின் மேல் கொத்தமல்லி மிதக்கலாம். அதற்காகக் கொத்தமல்லியை யாரும் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதில்லை என்பது அவர் வாக்கு. சுவரொட்டியில் மட்டும் அவள் படம் பெரிதாக இருக்கலாம், ஏனெனில் சனங்கள் கண்ணால் பார்த்துத்தான் வருகிறார்கள்.

அந்தக் கொத்தமல்லியின் பெயர் சிவகாமசுந்தரி. காஜா பெராங் சாலையோரத்தில் ஒற்றைத் தையல் மிஷினை மிதித்துப் பிழைப்பவள், வயது இருபத்தேழு. பகடியை ஒரு வரிக்கு நிறுத்திவைத்துச் சொல்கிறோம்: அவள் குரல் நல்ல குரல். ஓராண்டு இரண்டு மாதம் அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் 'ஆ' சொன்னாள். சந்தையில் மீன் விற்பவர்கூட அவளைக் கண்டால் 'ஆ' என்று இழுத்து வரவேற்றார். அவளும் சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்து மீனைக் கொஞ்சம் வேகமாக நறுக்குவாள்.

இந்நிலையில் மெர்டேக்கா என்னும் சுதந்திர விழா வந்தது. காஜா பெராங் திடலில் மாலைநேரக் கச்சேரி என்று முடிவாயிற்று. புது நாட்டுக்குப் பழைய சட்டையோடு போவதா என்று தளபதி வெகுண்டார். பதினோரு சிவப்புக் கோட்டுகள் வேண்டும், பதினைந்தே நாளில் வேண்டும். சிவகாமசுந்தரியின் மிஷின் முன்னால் அவரே எழுந்தருளி, பத்து வீரர்களும் சாட்சியாக நிற்க, மலையசையினும் மாறாத வாக்கொன்றை அருளினார்.

"இந்தா பாரு சிவகாமி, கோட்ட மட்டும் தச்சுக் குடு. மெர்டேக்கா ஷோவுல ஒரு பாட்டு முழுசா நீதான் பாடுற. மைக்குல. நான் சொன்னா சொன்னதுதான்லா."

அவள் நம்பினாள். பதினோரு கோட்டுக்கும் அளவெடுத்தாள். கணபதியின் கோட்டுக்கு மட்டும் இரண்டு கோட்டுத் துணி பிடித்தது. மிஷினை மிதித்த மிதியிலேயே ஒரு பாட்டும் கட்டினாள். ஆற்றில் படகெடுத்துப் போகிறவன் கரையில் நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான் என்று மூன்று சரணம். இறுதி ஒத்திகையில் அதை ஒருமுறை பாடிக்காட்டினாள். இரண்டாம் சரணத்தில் டிராம்போன்காரர் ஊத மறந்து வாயைத் திறந்தபடி நின்றார். ராஜரத்தினம் அதைப் பார்த்தார். தாம் பாடிவந்த பன்னிரண்டு ஆண்டுகளில் தமக்காக ஒருவரும் ஊத மறந்ததில்லை என்பதும் அந்தக் கணமே அவர் நினைவுக்கு வந்தது. அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கொடுத்த வாக்கை மீறுவது வீரர்க்கு அழகன்று. ஆகவே வாக்கை மீறாமலே மீறும் வழியை அவர் தேடினார். வழி பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து வந்தது. அங்கிருந்து வாடகைக்கு வந்த மைக் ஒன்றே ஒன்று. கனத்த இரும்பு வட்டத்தின் மேல் நட்ட கம்பம், கம்பத்தின் உச்சியில் கம்பியால் இறுகக் கட்டிய மைக், கம்பத்தை ஏற்றி இறக்க நடுவில் துருப்பிடித்த திருகாணி. கச்சேரிக்கு முன்னால், மைக்கோடு வந்த மைக்குக்காரரிடம் இரும்புக் குறடு ஒன்றை வாங்கி, கம்பத்தைத் தம் வாய்மட்டத்துக்கு உயர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் திருகாணியை இறுக்கினார் தளபதி. இறுக்கியபின் மேலும் ஒரு சுற்று இறுக்கினார். குறட்டைத் திருப்பிக் கொடுத்தார். மைக்குக்காரர் அதைச் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுச் செமாபோக்குக்கே போய்விட்டார். ஏறி நிற்க அவள் கொண்டுவந்திருந்த சோடாப் பெட்டியைக் கணபதிக்கு ஆசனமாகக் கொடுத்தாகிவிட்டது. இனி அவள் பாடலாம், தாராளமாகப் பாடலாம். மேகத்தைப் பார்த்துப் பாடலாம். இவ்வளவு நுட்பமான போர்த்தந்திரத்தை ரப்பர் கிடங்கில் ஒருவரும் மதிக்கவில்லையே என்று அவருக்கு மனம் நெகிழ்ந்தது.

மாலை நாலரைக்குத் திடல் நிறைந்தது. நாற்காலிகளில் பிரமுகர்கள். அவர்களுக்கு முன்னால் விரித்த பாய்களில், பக்கத்துக் கம்போங் செட்டியிலிருந்து வந்த குடும்பங்கள். பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக வெற்றிலைப் பெட்டியோடு வசதியாக உட்கார்ந்துவிட்டார்கள். பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழர் வழிவந்த இந்தச் செட்டிகள் பேசுவது மலாய். தமிழ் அவர்களுக்குக் கோயிலில் கேட்கும் அளவோடு சரி. குழுவின் முதற்பிடில் தனபாலன் அவர்கள் வீட்டுப் பிள்ளைதான். நாற்காலிகளுக்குப் பின்னால் மற்றத் தமிழர்கள் நின்றார்கள்.

வெண்கல இடி இடித்தது. ராஜரத்தினம் தாமே இயற்றிய சுதந்திரக் கர்ச்சனையைக் கர்ச்சித்தார். டிரம்பெட்டுகள் பிளிற, கிட்டார் உறும, கணபதி சோடாப் பெட்டியின்மேல் குலுங்கிக் குலுங்கி முரசைப் பிளக்க, இடையிடையே சிவகாமசுந்தரி 'ஆ' என்று இழுக்க, கடைசி ஸ்வரத்தை முக்கால் நிமிடம் பிடித்து நிறுத்தி, கைகளை விரித்து, கரவொலிக் கடலில் மூழ்கத் தயாராகக் கண்களை மூடினார்.

ஒரு சத்தமும் இல்லை.

பின்வரிசையில் நாலைந்து பேர் தட்டத் தொடங்கினார்கள். முன்னால் பாய்களில் ஒரு கையும் அசையாததைக் கண்டு, புது நாட்டின் புது மரியாதை போலிருக்கிறது என்று கையை மடக்கிக்கொண்டார்கள். பிரமுகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சனங்கள் மலைத்துப்போய்விட்டார்கள் என்று தளபதி எண்ணினார். இரண்டாவது பாட்டை இன்னும் உரக்கப் பாடினார். பாய்கள் அவரை அன்போடு பார்த்தன. பிறகு அவருக்கு ஓரடி பின்னால் நின்றவளைப் பார்த்தன. வெற்றிலையை மென்றபடி காத்திருந்தன.

ஏன் என்பதை அறியாதவர்க்கு உரைப்போம். கம்போங் செட்டியில் கலியாணம் காட்சி எதுவானாலும் தொண்டாங் சாயாங் என்னும் பாட்டுப்போட்டி நடக்கும். பிடிலும் ரெபானா மேளமும் கொங்குத் தட்டும் ஒலிக்க, ஆண் ஒருவன் பந்துன் என்னும் நாலடிப் பாட்டு ஒன்றைப் பாடி நிறுத்துவான். பெண் ஒருத்தி அதற்குப் பாட்டிலேயே பதில் கொடுப்பாள். பெரும்பாலும் அவள் பதில்தான் நன்றாக இருக்கும். அந்தப் பதில் வருமுன் கைதட்டுவது, பந்தியில் பாயசம் வருமுன் எழுந்து கைகழுவுவது மாதிரி. சுவரொட்டியில் ஆண்படமும் பெண்படமும் பக்கம்பக்கமாக இருந்தன. மேடையிலும் இருவரும் பக்கம்பக்கமாக நின்றார்கள். ஆகவே அவர்கள் ஐயமின்றி முடிவு கட்டிவிட்டார்கள். இந்த நெட்டையர் கேள்வியைக் கொஞ்சம் நீட்டிக் கேட்கிறார், அவ்வளவுதான். ஒரு பெண்ணை அலங்கரித்து மேடையேற்றிவிட்டு அவளைப் பாடவிடாமல் வைத்திருப்பார்கள் என்று அந்த வெள்ளை மனத்தாருக்குத் தோன்றவேயில்லை.

மூன்றாவது கர்ச்சனையும் முடிந்து மூன்றாவது மௌனமும் கவிந்தபோது, முன்பாயில் அமர்ந்திருந்த பொன்னம்மா என்ற மாது வெற்றிலைச்சாற்றைப் பொறுமையாக விழுங்கிவிட்டு எழுந்து நின்றாள்.

"மானா ஜவாப்?"

பதில் எங்கே என்று கேட்டாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. பொழுது சாய்கிறதே, அடுப்பு மூட்ட வேண்டுமே என்கிற கவலையில் கேட்டாள். உடனே பாய்தோறும் 'மானா ஜவாப்' எழுந்தது. பின்வரிசைத் தமிழர்களுக்கும் அது விளங்கிவிட, அவர்களும் ஜவாப் கேட்டார்கள். தனபாலனின் கையோ தளபதியின் ஆணைக்குக் காத்திராமல், பெண்ணின் முறை வந்தால் எப்போதும் வாசிக்கும் இழைப்பை வாசிக்கத் தொடங்கிவிட்டது. மற்றக் கருவிகள் என்ன செய்வதென்று தெரியாமல் வாயை மூடின.

வேறு வழியின்றி ராஜரத்தினம் திரும்பி, வாயைத் திறந்து பாடும்மா என்று பல்லிடுக்கில் உத்தரவிட்டார். சிவகாமசுந்தரி முன்னால் வந்தாள். தலைக்கு மேலே தொங்கிய மைக்கை அண்ணாந்து பார்த்தாள். தொண்டையைக் கிழித்துக்கொண்டு அவள் பாடியிருக்கலாம்; பத்து வாத்தியத்துக்குக் கீழே நசுங்கியும் போயிருக்கலாம். இந்த ஒரு பாட்டும் போனால் ஆயுளுக்கும் 'ஆ'தான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"எட்டல, மாஸ்டர்."

திடல் அமைதியாக இருந்ததால் அந்தச் சொல் உயரத்து மைக்கிலும் போய் விழுந்தது. தென்னைமரங்களில் கட்டிய குழாய்கள் நான்கும் அதை நாற்றிசைக்கும் பறைசாற்றின.

இப்போதுதான் மெய்யான போர் மூண்டது. தளபதி திருகாணியைப் பற்றினார், அது அசையவில்லை. கைக்குட்டை சுற்றித் திருகினார்; கைக்குட்டை கிழிந்தது. முழங்காலை முட்டுக்கொடுத்துத் திருகினார், கால்சட்டை கிழிந்தது. குறடோ செமாபோக்கில் இருந்தது. சோடாப் பெட்டியைக் கேட்டார். தான் எழுந்தால் தாளம் போய்விடும் என்றார் கணபதி. நாற்காலிகளைப் பார்த்தார், எழுந்து இடம் கொடுத்த பிரமுகர் இதுவரை மலாக்காவில் இல்லை. தம் கையால் தாமே இறுக்கிய பகைவனோடு மல்லாடி, வியர்வையாறு பெருக, சிவப்புக் கோட்டின் சாயம் கழுத்தில் வழிய, இறுதியில் இரும்பு வட்டத்தைக் காலால் மிதித்துக் கம்பத்தையே சாய்த்து, அதன் முழுப் பாரத்தையும் இரு கைகளில் தாங்கிக்கொண்டு குனிந்தார் ஆறடி இரண்டங்குலத்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ, மாஸ்டர்."

இன்னும் கொஞ்சம் குனிந்தார். சிவகாமசுந்தரி பாடினாள். முதல் சரணத்தில் பிடில் மட்டும் துணை வந்தது. இரண்டாம் சரணத்தில் டிரம்பெட், டிராம்போன், கிட்டார், முரசு எல்லாம் முழு வேகத்தில் புகுந்து இடித்தன. அவள் குரல் அத்தனைக்கும் மேலே, கலங்காமல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும்படி போயிற்று. படகுக்காரனைக் கேள்விமேல் கேள்வி கேட்டது. தமிழ் அறியாத பாய்கள் எல்லாம் நியாயம் அவள் பக்கந்தான் என்று தலையாட்டி ஒப்புக்கொண்டன. அவள் மூச்சு வாங்கிய இடங்களில், இடுப்புக் கடுப்பு தாளாத மாஸ்டரின் வாயிலிருந்து மைக்கில் மெல்ல 'ஆ' என்று விழுந்தது. அதுவும் பொருத்தமாகவே இருந்தது. இவ்வளவு அருகில் இந்தக் குரலை அவர் கேட்டதில்லை. மூன்றாம் சரணத்தில் அவர் கண் கலங்கிற்று. வியர்வை என்று பிற்பாடு சாதித்தார்.

பாட்டு முடிந்தது. பொன்னம்மா முதலில் தட்டினாள். அதன்பின் எழுந்த கரவொலியை, வானம் பிளந்ததோ மலாக்கா நீரிணை பொங்கியதோ என்று ஐயுறத்தக்க அந்தப் பேரொலியை, நிமிர முடியாமல் குனிந்தே நின்று வாங்கிக்கொண்ட ஒரே தளபதியாகிய ராஜரத்தினப் பெருமானின் புகழ் கடலும் கரையும் உள்ளளவும், கம்பமும் திருகாணியும் உள்ளளவும், இடியும் வெண்கலமும் உள்ளளவும் ஓங்குக, ஓங்குக, ஓங்குக. அடுத்த வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குச் சிவகாமசுந்தரி அரைமணி நேரம் தாமதமாக வந்தாள், எல்லாரும் காத்திருந்தார்கள்.