காலில் விழாத மரத்தூள்

காலையில் எழும்போதே தச்சர் ஒரு முடிவோடு எழுந்தார். இன்றைக்குப் பெண்டாட்டி கண்ணில் மண்ணைத் தூவியே தீருவது. அவரிடம் மண் கிடையாது, மரத்தூள்தான் உண்டு. வம்பே அந்தத் தூளால்தான்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவர் பட்டறை. அங்கே மேசைக்கு அடியில் கவிழ்த்துப் பொருத்திய ரூட்டர் மிஷின். மேசை ஓட்டை வழியே அதன் பல் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு சுற்றும். பலகையைத் தள்ளினால் ஓரத்தை வெண்ணெய் மாதிரி வழித்துவிடும். விரலையும் அப்படித்தான் வழிக்கும். அதற்காகப் பல்லுக்கு மேலே மாட்ட ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. தச்சர் அதைக் கழற்றி எங்கேயோ ஒளித்துவிட்டு, "மாட்டாம மிஷினைத் தொடுவேனா?" என்று வீட்டில் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

நேற்று மாட்டிக்கொண்டார்.

"என்னங்க, மூடி போட்டீங்களா?"

"போட்டேனே."

"அப்புறம் புருவத்துல எப்படித் தூளு?"

"காத்துல பறந்திருக்கும்."

"மூடி போட்டா தூளு கால்ல விழும். போடலைன்னா மூஞ்சில அடிக்கும். உங்க துணியைத் துவைக்கிறவ நான். எங்கிட்டயே காத்தா?"

அதனால் இன்றைக்கு வேலை முடிந்ததும் தலையை உதறினார். காதைத் துடைத்தார். காலைக் கழுவினார். சட்டை மாற்றிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி வாசலில் வந்து நின்றார். இடுப்பில் குழந்தையோடு அவள் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"கால்லகூடத் தூளு இல்லையே?"

"சுத்தமா வேலை பார்த்தேன்."

"மூடி போட்ட மனுஷனுக்குக் காலாவது அழுக்கா இருக்கணும். எல்லாத்தையும் கழுவிட்டு வந்தா என்ன அர்த்தம்?"

தச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மூடி போட்டா பென்சில் கோடு தெரியலடி!"

"உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு."

தச்சர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அந்த மிஷின் அண்ணனுடையது. மூடி இல்லாமல் ஓட்டி, வலது கையில் நடுவிலிருந்த மூன்று விரலையும் அதற்குக் கொடுத்தார். மிஞ்சியது கட்டைவிரலும் சுண்டுவிரலும். சட்டைப் பொத்தானை இப்போது அண்ணிதான் போட்டுவிடுகிறாள். புது மூடி வாங்கி மிஷினோடு தம்பியிடம் தந்துவிட்டுப் போனவர், அப்புறம் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

கோடு தெரியவில்லை என்பதெல்லாம் வெளியே சொல்ல. மூடியைக் கையில் எடுத்தாலே தச்சருக்கு அந்தக் கை கண்ணுக்கு முன்னால் வரும். திருப்பி வைத்துவிடுவார். இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஆனால் மூடியும் கையுமாக அவர் நின்றதை அவள் ஜன்னல் வழியே பார்த்திருந்தாள்.

சண்டை போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் வந்தாள்.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் அண்ணன் நின்றார்.

"உன் பெண்டாட்டி வரச் சொன்னா. மூடி மாட்டத் தெரியாம முழிக்கிறியாமே?"

"எனக்கா தெரியாது?"

"வெக்கப்படாதடா. ஆணி டப்பாக்குள்ள இருக்காம், எடு."

அதுவும் தெரிந்திருக்கிறது அவளுக்கு!

அண்ணனின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மூடியின் திருகாணியைப் பிடித்தன. நழுவி விழுந்தது. குனிந்து தேடி எடுத்தார். மறுபடி விழுந்தது. தச்சர் கையை நீட்டினார்.

"தொடாத."

அவள் வைத்துவிட்டுப் போன டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. கடைசியில் திருகு ஏறியதும் அண்ணன் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு களை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ம், ஓட்டு."

அந்த மூடியை எந்தப் பாவி கழற்றுவான்? ஆனால் சாயங்காலம் மிஷினைத் துடைக்கக் கழற்றித்தான் ஆக வேண்டும். மறுநாளும் அண்ணன் வந்தார். அதற்கு மறுநாளும்.

"அவரை வர வேணாம்னு சொல்லுடி. பார்க்க முடியல."

"நீங்க மாட்டிட்டா அவரு ஏன் மாட்டப் போறாரு?"

விடிந்ததும் தச்சர் கொட்டகைக்கு ஓடினார். அந்தக் கை கண்ணுக்கு முன்னால் வந்தும் தானே மூடியை மாட்டிவிட்டார். அண்ணன் வந்து பார்த்தார்.

"ஓ... மாட்டிட்டியா," என்றார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

தச்சர் குறுக்கே போய் நின்றார். "அண்ணே, லேசா ஆடுது. கொஞ்சம் பாரேன்."

அண்ணன் வந்து அசைத்துப் பார்த்தார். மூடி இம்மியும் ஆடவில்லை.

"ஆமாண்டா, ஆடுது," என்று கழற்ற ஆரம்பித்தார். மறுபடி திருகு விழுந்தது. மறுபடி தேடினார். ஒரு வழியாக மாட்டி முடித்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மிஷின் ஓடியது.

டீ கொண்டு வந்த பெண்டாட்டி கணவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணுல என்னங்க?"

"தூளு."

அவள் டம்ளரை நீட்டினாள். "மூடி போட்டா தூளு கால்லதாங்க விழும்."