இருபத்து மூன்றே கால் லட்சத்தை வாபஸ் வாங்கவும்

ஏற்காடு,
செவ்வாய்க்கிழமை

'பழைய சக்கரங்கள்' மாத இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர் மரியஜோசப் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் ஆண்டவர் அருளால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி சாந்தாமேரியும் எங்கள் இருவரின் ரத்த அழுத்தமும் ஏதோ இருக்கிறோம். மலையில் பத்து நாளாக விடாத மழை.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் இம்மாத இதழில், சேகரிப்புக் கார்களின் விலை நிலவரப் பக்கத்தில், '1961 மாடல் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், இணைய ஏலம், ஏற்காடு, இருபத்து மூன்றே கால் லட்சம், புதிய உச்சம்' என்று போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு பச்சை அம்புக்குறியும் வைத்திருக்கிறீர்கள். அந்த அம்புக்குறியைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அய்யா, அந்த விலை பொய். அந்த வண்டியை யாரும் வாங்கவில்லை. விலையை மேலே தள்ளியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் நான். வண்டியும் என்னுடையதுதான். அடுத்த இதழில் தாங்கள் ஒரு மறுப்பு போட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், டீ ஏதாவது சொல்லிவிட்டு உட்காரவும்.

வண்டி சிவப்பு. கூரை துணி. உள்ளே உட்கார்ந்தால் ரோட்டில் போகிற ஆடு நம்மை நேருக்கு நேர் பார்க்கும். 1994இல் எங்கள் முதலாளி எஸ்டேட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்குக் குடிபோனபோது ஒரு பம்புசெட்டை எனக்கு விலைக்குக் கொடுத்தார், கூடவே இதையும் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அன்றைக்குப் பம்புசெட்டுக்குத்தான் மதிப்பு. வண்டியை ஓட வைத்தது நானல்ல, கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லா பாய். எந்த போல்ட் கழன்றாலும் சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கித் தேடிக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்துவிடுவார். ஆறு வருஷத்துக்கு முன் கண் டாக்டர் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்ன அன்று, "பாய், நாலரை லட்சம், உங்களுக்குத்தான்" என்றேன். "ஆஸ்மா படிப்பு முடியட்டுமுங்க ரைட்டரய்யா, ரொக்கமா தந்து எடுத்துக்கறேன்" என்றார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை, கிரீஸ் கையோடு கை கொடுத்தார். இந்த வருஷம் அவர் மகள் ஆஸ்மா நர்சிங் முடித்து வேலைக்கும் போய்விட்டாள். பக்ரீத் கழிந்ததும் வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் பெங்களூரில் இருக்கும் என் மகன் ஸ்டெபின் போன் செய்தான். "அப்பா, நாலரைக்குக் குடுக்கறது இருக்கட்டும். சும்மா ஆன்லைன் ஏலத்துல போட்டுப் பாக்கலாம். என்ன விலைன்னாவது தெரியும்ல?" என்றான். எனக்கு ஆசையே இல்லை என்று எழுதினால், பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். சரி என்றேன். அவன் வந்து நூற்று நாற்பது போட்டோ எடுத்தான். அதில் ஒன்றில், சாந்தாமேரி பானெட்டின் மேல் மிளகு காயப்போட்டிருந்தது அப்படியே விழுந்துவிட்டது. ஏலத்துக்கு வந்தவர்கள் அதன் கீழே கேட்ட கேள்விகள் முப்பத்திரண்டு. பெயிண்ட் மங்காமல் இருக்க இது மலைநாட்டு முறையா என்று ஒருவர். கதவுக் கைப்பிடியின் இரண்டாவது திருகாணி கம்பெனியில் போட்டதுதானா என்று ஒருவர். அது பாய் போட்டது, அய்யா. நானும் ஒன்றும் மறைக்கவில்லை. மழை பெய்தால் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம் நனையும், இடது கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும், ஹார்ன் தன் இஷ்டத்துக்குத்தான் அடிக்கும் என்று எல்லாவற்றையும் ஸ்டெபினை விட்டு எழுதச் சொன்னேன். குறை சொல்லச் சொல்ல விலை ஏறியது. மூன்றாம் நாளே ஐந்து லட்சம். ஆறாம் நாள், வண்டியை டெல்லிக்கு அனுப்ப என்ன செலவாகும் என்று கேள்வி போட்டுவிட்டு, டெல்லிக்காரர் ஒருவர் ஏழே முக்கால் கேட்டுவிட்டார். வண்டி டெல்லிக்குப் போனால் பாய் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இங்கே தங்களுக்கு எங்கள் பங்குக் கோயில் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். திருவிழா முடிந்ததும், காணிக்கையாக வந்த பூசணி, சேவல், காபிக் கொட்டை எல்லாவற்றையும் ஏலம் விடுவோம். நம் வீட்டுப் பூசணியை இன்னொருவன் கொண்டுபோக விடுவது மரியாதை இல்லை. கொடுத்தவனே கூடக்கூடக் கேட்டு எடுத்துக்கொள்வான். போன வருஷம் என் பூசணியை நானே ஆயிரத்து முந்நூறுக்கு எடுத்தேன், பங்குச் சாமியார் கைதட்டினார். பணத்தை அடுத்த திருவிழாவுக்குள் கொடுத்தால் போதும். இணைய ஏலத்தில் இதே காரியத்துக்கு மோசடி என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. டெல்லிக்காரரை விரட்டி வண்டியை மீட்டு, பாய்க்கே நாலரைக்குக் கொடுத்துவிடுவது என் திட்டம். அதனால் சாந்தாமேரி போனை எடுத்து, அவள் பெயரில் கணக்கு திறந்து, நானும் கேட்கத் தொடங்கினேன்.

கடைசி நாள் ஞாயிறு, மூன்று மணிக்கு முடிய வேண்டும். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது பின்பக்கத்துக் கொய்யா மரத்தடியில் மட்டும்தான். ஸ்டூல் போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்தேன். எட்டு லட்சம் என்று அழுத்தினேன், டெல்லிக்காரர் போய்விட்டார். அப்பாடா என்று குடையை மடக்கப் போகும்போது பதினேழாம் எண் என்று புதிதாக ஒருவர் எட்டேகால் கேட்டார். அந்தத் தளத்தில் பெயர் காட்ட மாட்டார்கள், எண் மட்டும்தான். கடைசி இரண்டு நிமிஷத்தில் யாராவது கேட்டால் இன்னும் இரண்டு நிமிஷம் கூடும். எங்கள் கோயிலில் ஒருதரம், ரெண்டுதரம் என்று சொன்னால் மூணுதரம் என்று ஒன்று வரும். இங்கே வரவே இல்லை. நான் எட்டரை, அவர் எட்டே முக்கால். நான் ஒன்பது, அவர் ஒன்பதேகால். ஒரு மணி ஐம்பது நிமிஷம், அய்யா. சாந்தாமேரி இரண்டு தடவை வந்து, "ஏனுங்க, மழைல அங்க என்ன பண்றீங்க? ஊட்டுக்குள்ள வாங்க" என்றாள். ஜெபம் செய்கிறேன் என்றேன். ஒருவகையில் அதுவும் உண்மைதான்.

பதினேழாம் எண் இருபத்து மூன்றே கால் கேட்டது. நான் விரலை நீட்டினேன். அந்த விநாடி பார்த்து ஆத்தூரிலிருந்து கொழுந்தியாள் மரியபுஷ்பம் கூப்பிட்டுவிட்டாள். "மச்சான், மலைல மழைங்களா?" என்றாள். "ஆமா, வையி" என்றேன். "இங்க நொம்பப் புழுக்கமுங்க" என்று ஆரம்பித்தாள். அவள் வைத்தபோது திரையில் 'ஏலம் நிறைவு பெற்றது, வாழ்த்துகள்' என்று இருந்தது.

வண்டி யாரோ முகம் தெரியாதவனுக்குப் போய்விட்டது. பாயிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று கடைவீதிக்கு ஓடினேன். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பாய் வேர்த்துப்போய் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். ஆஸ்மா அட்டையால் விசிறிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தாள்.

"ரைட்டரய்யா, ஒரு தப்பு பண்ணிட்டனுங்க" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"என்ன பாய்?"

"நம்ம வண்டிய ஏலத்துல பாத்தனுங்க. உங்களை வந்து கேக்க மனசு வரலீங்க. நீங்களே விக்கப் போட்டப்புறம் நான் என்னன்னு கேக்கறது? வெளி ஆளுக்குப் போயிரக் கூடாதுன்னு நானே கேட்டுட்டனுங்க. எவனோ ஒரு படுபாவி, விடவே இல்லீங்க, ஏத்திக்கிட்டே இருந்தான்."

"கடைய மொத்தமா வித்தாலும் பத்து லட்சம் வராது மாமா" என்றாள் ஆஸ்மா. "இருபத்து மூணே கால்னு அமுக்கி வெச்சிருக்காரு எங்கத்தா."

நான் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தேன். "பாய், நீங்க எத்தனாம் நம்பர்?"

"பதினேழுங்க."

"அந்தப் படுபாவி நான்தான் பாய்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஏலம் கேட்ட நேரம் முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருநூறு அடி கூட இருந்திருக்காது, அய்யா. ஆஸ்மா அட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை வந்து கேட்க அவருக்கு மனசு வரவில்லை என்று சொன்னாரே, அது நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

ஏலத் தளத்துக்கு உள்ளதைச் சொன்னோம். விற்பனையை ரத்து செய்து, எங்கள் இரண்டு பேரையும் ஆயுளுக்கும் வரக் கூடாது என்று விலக்கிவிட்டார்கள். அதோடு தீர்ந்தது என்று இருந்தோம். தாங்கள் பச்சை அம்புக்குறி வைத்துவிட்டீர்கள். கோத்தகிரியில் இதே மாடல் வைத்திருக்கும் ஒரு டாக்டர், ஐந்து லட்சத்துக்குத் தன் டிரைவர் சித்தனுக்கே தருவதாக இருந்தாராம். இப்போது தங்கள் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு இருபத்திரண்டு கேட்கிறார். சித்தன் எப்படியோ என் நம்பரைப் பிடித்து, அரை மணி நேரம் மரியாதையாகவே திட்டினான். சேலத்துப் பழைய இரும்புக் கடையில் எண்ணூறு ரூபாய்க்குக் கிடந்த கைப்பிடி ஒன்பதாயிரம் ஆகிவிட்டது. ஸ்டெபினைக் கேட்டால், "மார்க்கெட்னா இவ்வளவுதாம்ப்பா. ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல ஆசை வந்தா அதான் விலை. அடுத்த ஏலம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்" என்கிறான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பாய் இப்போது நாலரைக்கு வாங்க மாட்டேன் என்கிறார். "இருபத்து மூணு லட்ச ரூவா வண்டிய நாலரைக்கு எடுத்தா, கண்ணு தெரியாத மனுசனை ஏமாத்திட்டான்னு கடைவீதியே பேசுமுங்க" என்கிறார். நாலரைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் என் சொல் போய்விடும் என்கிறேன் நான். வெள்ளிக்கிழமை பிஸ்கட்டும் நின்றுவிட்டது. ஆகையால் அந்த வண்டி நாலரை லட்சத்துக்கு மேல் ஒரு பைசா பெறாது, மழையில் ஒழுகுகிறது, கயிற்றில்தான் கதவு நிற்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டு, எங்கள் நட்பைக் காப்பாற்றித் தருமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் குடும்பத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும். தங்கள் இதழ் செழிக்க எங்கள் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள
மரியஜோசப்

பின்குறிப்பு (வியாழன்): தபாலில் சேர்ப்பதற்கு முன், நியாயத்துக்காக, இதை நேற்றுக் காலை பாயிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கயிறு வரும் இடத்தில் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யார் வண்டியப் பத்திங்க இப்படி எழுதியிருக்கீங்க? இது புத்தகத்துல வந்தா நம்ம வண்டிய அப்புறம் எவன் மதிப்பான்?" என்றார். நாலரை என்று அச்சில் வந்தால்தானே நீங்கள் வாங்குவீர்கள் என்றேன். "வராமயே வாங்கிக்கறனுங்க. ஊரு பேசிட்டுப் போகட்டும். முதல்ல அந்தக் கடுதாசிய மடிங்க" என்று சொல்லிப் பணத்தை என் பையில் திணித்துவிட்டார். ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரிகூட அச்சிட வேண்டாம். அம்புக்குறி அப்படியே இருக்கட்டும். கவரில் தபால்தலை ஒட்டிவிட்ட ஒரே காரணத்தால் அனுப்புகிறேன்.

இன்னொன்று. பாய்க்காகத்தான் விலையை ஏற்றினேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, எட்டு லட்சம் வரைக்கும் அது உண்மை. அதற்கு மேல் யாருக்காக ஏற்றினேன் என்பது நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது. வண்டியை எடுக்க வந்தவர் என்னையும் உட்காரச் சொல்லி, ஏரிப் பக்கம் ஒரு ரவுண்டு போனார். முப்பது வருஷத்தில் நான் இடது சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதல் வளைவில், "ரெண்டாவது கியர் போடுங்க பாய்" என்றேன். போட்டார். அடுத்த வளைவிலும் சொன்னேன். போட்டார். மூன்றாவது வளைவில் சொன்னபோது வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "ரைட்டரய்யா, வண்டிய எனக்குக் குடுத்துட்டீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார்.

"நாளைக்குச் சொல்றேன் பாய்" என்றேன்.